விருப்பத்தின் பேரில்

மேற்பார்வையாளர் ஆன பதினோராம் நாள்
வெர்லா ஸ்ட்ரவுடுக்கு அந்தக் கடிதம் வந்தது.
மணிக்கூலிக்கு நின்ற பதினாறு வருடமும்
கம்பெனி அவளிடம் எதுவும் கேட்டதில்லை.
மாதச் சம்பளக்காரி ஆகிவிட்டால் கேட்கலாமாம்,
சட்டத்தில் இடம் இருக்கிறதாம்.

அன்புள்ள வெர்லா என்று தொடங்கியிருந்தார்
போன வாரம்வரை அவள் பெயர் தெரியாத துணைத்தலைவர்.
நம் தொழிலின் குரல் தலைநகரில் ஒலிக்க வேண்டும்.
சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வோம், தெரியவே தெரியாது.
கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம்.
இந்த ஒரு வரி மட்டும்
வேறு கை எழுதியது போல் விறைத்து நின்றது.
வக்கீலாக இருக்கும்.

கீழே நான்கு கட்டங்கள்:
பத்து டாலர், இருபது, நாற்பது, வேறு தொகை.
வேண்டாம் என்பதற்குக் கட்டம் இல்லை.

ஆர்கன்சாவின் வடமேற்கு மூலை, கோழி ஆலை.
வெளியே ஜனவரி, உள்ளே அதைவிடக் குளிர்.
நிமிடத்துக்கு நூற்று நாற்பது கோழி
கொக்கியில் தலைகீழாய் வரும்.
நூற்று எழுபத்தைந்து ஆக்கலாம் என்றொரு மசோதா
தலைநகரில் படுத்துக் கிடக்கிறது.
அதைத் தட்டி எழுப்பத்தான் பணம்.
கடிதத்தில் அப்படி இல்லை.
"நியாயமான விதிமுறைகள்" என்று இருக்கிறது.

இறக்கை வெட்டும் இடத்தில் தெல்மீனா,
மார்ஷல் தீவுக்காரி.
ராத்திரியில் அவள் விரல்கள் மடங்கிக்கொள்ளும்.
காலையில் வெந்நீரில் வைத்து
ஒவ்வொன்றாய்ப் பிரிக்க வேண்டும்,
அடம்பிடிக்கும் பிள்ளை கையிலிருந்து காசைப் பிடுங்குவது போல.
அவளுக்கு அங்கே வாக்கு இல்லை. கடிதமும் வராது.
போன மாதம்வரை வெர்லாவின் கத்தியும் அவள் கத்தியும்
ஒரே கல்லில் தீட்டியவை.

புதன்கிழமைக் கூட்டத்தில்
ஆலை மேலாளர் கார்லண்ட் டாக்கெட் சந்தோஷமாய்ச் சொன்னார்:
நம்மில் எண்பத்தொன்பது சதவீதம் சேர்ந்தாயிற்று,
யார் யார் என்று நான் பார்ப்பதில்லை.
அறையில் இருந்தது பதினெட்டுப் பேர்.
அப்படியென்றால் பாக்கி இரண்டு.
எல்லாரும் அந்த இரண்டு பேரைக் கண்ணால் தேடினார்கள்.
வெர்லாவும் தேடினாள்,
இன்னொருவரை.

நம் கல்யாணங்களில் மொய் எழுத
ஒருவர் வாசலை ஒட்டி மேசை போட்டிருப்பார்.
யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லை.
அவரைத் தாண்டித்தான் பந்திக்குப் போக வேண்டும்,
அவ்வளவுதான்.
வெர்லாவுக்கு மொய் தெரியாது.
மேசை தெரியும்.

கடிதத்தின் பின்பக்கம் ஒரு வெல்லக்கட்டி:
நீங்கள் தரும் ஒவ்வொரு டாலருக்கும்
நீங்கள் கைகாட்டும் தர்மத்துக்கு எங்கள் ஒரு டாலர்.
அவள் கைகாட்டியது
எல்ம் தெருச் சர்ச்சின் உணவு அலமாரி.
சனிக்கிழமைகளில் டப்பா அடுக்குவது அவள்தான்.
வரிசையில் வருவது பாதிக்கு மேல்
ஆலைக்குள் முகமூடியோடு பார்த்த கண்கள்.

பத்து டாலர் கட்டத்தைத் தொட்டாள்.
நன்றி வெர்லா என்றது திரை,
அவள் விரலை எடுப்பதற்குள்.
தெரியவே தெரியாது என்றார்களே,
சம்பளச் சீட்டில் அது தனி வரியாய் இருந்தது.
அதன் கீழேதான் பல் வைத்தியக் காப்பீடு.

ஏப்ரலில் அலமாரிக்குப் புதிதாய்
ஒரு பெட்டி பீன்ஸ் வந்தது.
மசோதா இன்னும் படுத்துத்தான் கிடக்கிறது,
ஒரு கண் மட்டும் திறந்திருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை தெல்மீனா நான்காவதாய் நின்றாள்.
வழக்கம்போல் கோழி வேண்டாம் என்றாள்.
பீன்ஸ் இரண்டு எடுத்தாள்.
நகர்ந்தவள் திரும்பி வந்து
ஒரு டப்பாவை மேசைமேல் வைத்தாள்.
மூடியில் வளையம்,
வளையத்துக்குள் நுழையாத விரல்.

திறந்து கொடுக்கிறாயா என்று கேட்டாள்.
பின்னால் ஆட்கள் நின்றார்கள்.
வெர்லா வளையத்தை இழுத்தாள்.
பாதியில் அது கையோடு வந்துவிட்டது.