மூன்றாவது ஸ்பிரிங்

சனிக்கிழமை வெள்ளைக்காரர்கள் வருகிறார்களாம்,
அதற்குள் பாட வேண்டுமாம்.
தோட்டத்து பங்களாவை ஹோட்டல் ஆக்கியிருக்கும் நிமல்சிறி
படங்கில் சுற்றிக் கொண்டுவந்து
என் மேசையில் இறக்கினார், மழையோடு.

தலவாக்கலையில் நான் மோட்டார் சுற்றுகிறவள்.
கிரைண்டர், தண்ணிப் பம்பு, தையல் மெஷின்.
ரெக்கோட் பிளேயர் இதுதான் முதல்.
ஆனால் சுற்றுகிற எதுவும்
ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் பழுதாகும்.

தட்டைத் தூக்கினேன், கைக்குழந்தைப் பாரம்.
தண்டில் எண்ணெய் பிசினாகி
நகத்தில் ஒட்டியது, பலாப்பால் மாதிரி.
ஸ்பிரிட், பஞ்சு, பிறகு புது எண்ணெய் மூன்று சொட்டு.
நாலாவது கூடாது.
ரப்பர் சில்லில் ஒரு பள்ளம்.
நிறுத்தியவர் விடுவிக்க மறந்து
வருசக்கணக்காய் அழுந்திக் கிடந்த இடம்.
சாண்ட் பேப்பரில் பிடித்துச் சுற்றினேன்,
மடியெல்லாம் கறுப்புத் தூள்.

வேகம் பார்க்க எல்.ஈ.டி. வெளிச்சம் சரிவராது.
சலூன் கிருபைராஜ் தன் பழைய டியூப் லைட்டைக் கழற்றித் தந்தார்.
அதன் கீழே விளிம்புப் புள்ளிகள்
ஓடின, தயங்கின, நின்றன.
சரியாய்ச் சுற்றினால் நிற்கிற மாதிரித் தெரியும்.
எங்கோ ஓர் அணைக்கட்டில் விழுகிற தண்ணீர்தான் இந்த வேகம்.

அப்படியும் ஓர் இரைச்சல்.
பாட்டுக்கு அடியில்,
அடுத்த மலையில் தேயிலை ஃபெக்டரி ஓடுவது போல.

மோட்டாரைக் கழற்றினேன்.
மூன்று ஸ்பிரிங்கில் தொங்க வேண்டியது,
இரண்டில் தொங்கியது.
மூன்றாவது இடத்தில்
எட்டாய் மடித்துச் செருகிய காகிதம்.
பங்களா அப்புவின் வேலையாய் இருக்கும்.

விரித்தால், சம்பளத் துண்டு.
பேர் சின்னப்பேச்சி. நாள் பதினேழு.
அரிசி கழிவு. கம்பளி கழிவு.
டோபி கழிவு. பாபர் கழிவு.
(அவளுக்கு எதற்குப் பாபர்?)
வருசம் எழுதிய மூலையை எண்ணெய் தின்றிருந்தது.
கையெழுத்து இடத்தில் பெருவிரல்.

ஊசி முனை பார்க்கிற கண்ணாடியைத்தான்
அதன்மேலும் பிடித்தேன்.
சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போகும் கோடுகள்.
குறுக்கே ஒரு வெட்டு.
அரிவாளாய் இருக்கலாம்,
கூடைப் பிரம்பாய் இருக்கலாம்.

இரைச்சல் இதன் வழியாகத்தான் ஏறியிருக்கிறது,
மோட்டாரிலிருந்து காகிதத்துக்கு,
காகிதத்திலிருந்து ஊசிக்கு.
எத்தனை தொரைமார், எத்தனை ராத்திரி
விஸ்கியோடு கேட்டிருப்பார்கள்,
ரெக்கோட்டின் குறை என்று.

கம்பி எடுத்து நானே ஸ்பிரிங் சுற்றினேன்.
இரைச்சல் போனது. வயலின் தனியாய்க் கேட்டது.
நன்றாகத்தான் இருந்தது.
துண்டைத் திரும்ப மடிக்கவில்லை,
பில் புத்தகத்துக்குள் வைத்தேன்.

வெள்ளி பின்னேரம் நிமல்சிறி வந்தார்.
"என்ன சத்தம் அது?"
"ஒரு ஸ்பிரிங் இல்லை."
பில்லைப் பார்த்தார்.
"ஒரு ஸ்பிரிங்குக்கா முந்நூற்றைம்பது?"
ஐம்பதைக் கழித்துக்கொண்டு தந்தார்.