பதினோராவது நிரல்

கோண்டாவில் டிப்போவுக்குப் பின்னால்
ஒரு மேல்மாடி அறையில் இருந்து
சுவிஸ் மலைகளை நிறுத்துக்கொண்டிருக்கிறேன்.
சித்திரை மாதம்.
ஃபான் இருந்த சூட்டையே
சுற்றிச் சுற்றிப் பரிமாறுகிறது.

டாவோஸ், சேர்மாட், வெர்பியே, கிறிண்டெல்வால்ட்.
நாலு ஊருக்கும் பத்து நிரல்:
சறுக்குபாதை எத்தனை கிலோமீற்றர்,
பழகுகிற ஆட்களுக்கு எவ்வளவு,
கம்பியில் போகிற கதிரை எத்தனை,
ஒரு நாள் ரிக்கற் என்ன விலை,
மாசியில் பனியின் தடிமன்.
சென்ரிமீற்றரில் கேட்கிறார்கள்.
இங்கே பனிக்குத் தடிமன் வரும்.
ஆரும் அளக்கிறதில்லை,
கொத்தமல்லி அவித்துக் குடிக்கிறது.
மற்றப்படி நான் தொட்ட பனி
குருநகரில் மீன்பெட்டிக்குக் கொட்டுகிற ஐஸ்தூள்தான்.
செதிலும் சேர்ந்து வரும்.

சின்னண்ணா தயாபரனுக்கு அடித்தேன்.
நாலு ஊரிலும் வேலை செய்தவன்,
நாலிலும் நிலத்துக்குக் கீழே.

"டாவோஸில குசினிக்கு யன்னல் இருந்தது.
போற வாற சப்பாத்துகள் தெரியும்.
சேர்மாட்டில கார் இல்லை,
வேலை முடிஞ்சு நடக்க காது விறைச்சுப்போம்.
வெர்பியேயில ஏச்சு பிரெஞ்சில,
கிறிண்டெல்வால்டில டொச்சில.
டொச் ஏச்சு கெதியா முடியும்.
சோறு காய்ச்ச விட்ட இடம் ஒண்டுதான்,
அந்த ஷெஃப் போத்துக்கல்காரன்."

சறுக்க எது நல்லம் என்றேன்.
தண்ணி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு,
"நான் எங்கயடி சறுக்கினனான்?"

பதினேழு வருசத்தில் ஒரே ஒரு தரம்,
வேலைக்காரருக்கு இலவசம் என்ற ஒரு செவ்வாய்க்கிழமை,
கதிரையில் ஏறி உச்சிக்குப் போயிருக்கிறான்.
வந்தவர்கள் எல்லாரும்
பலகைக் காலோடு சரிவில் கலைந்துபோக
குசினிச் சப்பாத்தோடு இவன் நின்றான்.
அதே கம்பியில் திரும்பினான்.
இறங்குகிற கதிரைகளில் ஒருத்தரும் இல்லை.
ஏறி வருகிறவர்கள் எல்லாரும் இவனைத்தான் பார்த்தார்களாம்,
ஒரு சின்னப் பெட்டை கை காட்டினாளாம்.
"மேல கடை பூட்டெண்டு நினைச்சிருப்பாள்.
ஆனா உனக்குச் சொல்லுறன்,
ஏறேக்க வெறும் சரிவுதான் தெரிஞ்சது.
இறங்கேக்கதான் எதிர்மலை."
எந்த ஊர் என்று கேட்டேன்.
மறந்துபோனான்.

இரவோடிரவாகப்
பதினோராவது நிரல் ஒன்று போட்டேன்:
சறுக்காதவர் கதிரையிலேயே இறங்கலாமா?
நாலு ஊருக்கும் கடிதம் எழுதினேன்.
இரண்டு பதில் வந்தது.
மூன்றாவதாக வந்தது சூரிச்சில் இருந்து,
எங்கள் மேலாளர்:
இந்த நிரல் யாருக்காக?

தட்டெழுதத் தொடங்கக் கரண்ட் போனது.
ஃபான் தன்பாட்டில்
இன்னும் கொஞ்ச நேரம் சுற்றியது.
யன்னலைத் திறந்தேன்.
கடைசி ஓட்டம் முடித்த பஸ் ஒன்று
டிப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.
உள்ளே லைற் எரிய, அவ்வளவு சீற்றும் வெறுமை,
பின்னால் மட்டும் ஒரு ஆள்,
கொண்டக்டராய் இருக்கும்,
தலையைக் கம்பியில் சாய்த்தபடி.
கை காட்டுவமோ என்று யோசிக்க
பஸ் வளைந்து உள்ளே போனது.