மணி மட்டும் புதுசு

கண்ணிவெடி அகற்றினவர்கள் கந்தோரைப் பூட்டிப் போன மாதம்
மேசை, மின்விசிறி, முகமூடிக் கண்ணாடி எல்லாம்
முற்றத்தில் வைத்து ஏலம் போட்டார்கள்.
மதிலோடு சாய்ந்து நின்றது இது.
போத்தல் பச்சை. கிடாய்க்கொம்புக் கைபிடி.
எந்த ஊர்க்காரனோ, தாரிலே
நாடு நாடாய் ஓடவென்று வாங்கியிருக்கிறான்.
ரயர் என் பெருவிரல் மொத்தம்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
நாலாயிரத்து ஐந்நூறு என்று
ஆரோ சொன்னது கேட்டது.
நான்தான்.

பெற்றோல் வரிசையில் மூன்று நாள் நின்று
ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பின கிழமை அது.
எனக்குச் செவ்வாயும் வெள்ளியும்
ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளுக்குப் பதினாறு கிலோமீற்றர்.
எல்லாம் கிறவல்.
முதல் நாளே வாய்க்கால் திருப்பத்தில்
முன்சில்லு புதைய
கைபிடிக்கு மேலாலே போய் விழுந்தேன்.
வசூல் கொப்பி எனக்கு முதல் விழுந்தது.

சூசைதாசன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தான்.
"சட்டம் நல்ல இரும்பு அக்கா. சில்லுத்தான் பிழை.
இருபத்தாறு போட்டால் மொத்த ரயர் பிடிக்கும்."
பெடியன் ஒருத்தன் மரத்தோடு மோதின மவுண்டன் சைக்கிளில்
இரண்டு சில்லும் தப்பியிருந்தன.
மட்காட்டைக் கழற்ற, மாட்டின, உருண்டன.
பிறேக்தான் காற்றைக் கடித்தது.
கட்டைக்கும் ரிம்முக்கும் ஒன்றே கால் அங்குலம்.
குமிழை வெட்டிக் கீழே இறக்கி ஒட்டவேணும்.
கறண்ட் வர நாலு மணித்தியாலம்
கதிரை இல்லாமல், கவிழ்த்த வாளியில் இருந்தேன்.

கொப்பியின் கடைசித் தாளில் எழுதிவைத்தேன்.
சில்லு இரண்டும் ரயரோடு மூவாயிரம்.
ஒட்டு எழுநூறு.
கப், கோன், போல்ஸ் நானூற்றுச் சொச்சம்.
கிறீஸ் சும்மா.
வட்டி போடவில்லை.

"காற்றை இறுக்கி அடிக்காதேங்கோ" என்றான்.
இறுக்கினால் கல்லோடு சண்டை,
கொஞ்சம் விட்டால் கல்லை விழுங்கிக்கொண்டு போகும்.
உண்மைதான்.
குளக்கட்டு இறக்கத்தில் கால் மிதிக்காமல்
பாலைமரங்களுக்குள்ளால் வந்தபோது
ஆருமில்லாத இடத்தில் ஒருக்கால் கத்தினேன்.
கடன் கம்பனியின் நீலச் சட்டையோடுதான்.

தவறூபி வீட்டு நாய் எழும்பவில்லை.

ஸ்கூட்டி என்றால் மதகடியிலேயே கேட்டுவிடும்.
நான் போக, கதவில் பூட்டுத் தொங்கும்.
பிள்ளை வந்து
"அம்மா கடைக்குப் போட்டா" என்னும்.
வாழைக்குப் பின்னால் சீலைத் தலைப்புத் தெரியும்.
தெரியாத மாதிரி எழுதுவேன், ஆளில்லை.
எத்தனை வருசமாய் அப்படி ஓடியது.

அன்றைக்கு இந்தச் சைக்கிள்
மாடு நடக்கிற சத்தத்தில் படலைக்குள் வந்து நின்றது.
அவள் அரிசி கிளைந்துகொண்டிருந்தாள்.
ஒரு சுண்டு இருக்கும், குறைய.
விரலால் தண்ணி சொட்ட நிமிர்ந்தாள்.
ஓட இடமில்லை, பொய் யோசிக்க நேரமில்லை,
அவளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.
குடிக்கத் தண்ணி கேட்டேன்.
தந்தாள்.
கொப்பியைத் திறக்காமலே சைக்கிளைத் திருப்பினேன்.

பிறகு புதுக்குடியிருப்பில் ஒரு மணி வாங்கினேன்.
முந்நூற்றைம்பது. இதில் புதுச் சாமான் அது ஒன்றுதான்.
பூட்டித் தந்த சூசைதாசன்
"நாய்க்கோ அக்கா?" என்றான்.
ஓம், நாய்க்குத்தான்.

இப்ப மதகடியில் அடிக்கத் தொடங்குகிறேன்.
ஒரு கதவைப் பூட்டி
வாழைமட்டும் போக இரண்டு நிமிசம்.
பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க இன்னும் ஒன்று.
மெதுவாய் மிதிக்கிறேன்,
தேவையில்லாத இடத்திலும் அடிக்கிறேன்.

மாதக் கடைசியில் மனேச்சர் கூப்பிட்டு
விழுக்காடு விழுந்ததைக் காட்டினார்.
என்ன பிரச்சினை என்றார்.

றோட்டு, சேர்.
முழுக்கக் கிறவல்.