காய்ச்சல் விட்ட நாள்

ஊதா மூடிக் குழாயில் மூன்று மில்லி.
பெயர்: இருளாண்டி. வயது முப்பத்தொன்று.
ஏசி மெக்கானிக், வாதி கபீர், மஸ்கட்.
நாள் என்ற கட்டத்தில் நர்ஸ் 2 என்று எழுதியிருந்தாள்.
டெங்குவுக்குத் தேதி கிடையாது,
காய்ச்சல் தொடங்கியதிலிருந்து எண்ணுவதுதான் நாட்காட்டி.

அட்டையில் இரண்டு கோடு விழுந்தது.
"ரெண்டு கோடு வந்தப்ப எங்க அக்கா லட்டு குடுத்துச்சு சிஸ்டர்,
எனக்கு என்ன குடுப்பீங்க?"

ஆராய்ச்சிக்கென்று இன்னொரு குழாய் கேட்டேன்.
டாக்டர் ஷம்ஸாவின் படிவம் அரபியில், ஆங்கிலத்தில்.
தமிழில் நான்தான் சொன்னேன்:
யாருக்கு மோசமாகப் போகிறதென்று
ரத்தம் முன்கூட்டியே சொல்லுமா, பார்க்கிறோம்.
"கிளி ஜோசியமா?"
கிட்டத்தட்ட, என்றேன். கையெழுத்துப் போட்டான்.
பெயர் போய் 117 ஆனான்.
மைனஸ் எண்பதில் வைத்துப் பூட்டினேன்.

ஐந்தாம் நாள் விடியலில் காய்ச்சல் விட்டது.
விட்டதும் எல்லோரும் செய்வதைத்தான் செய்தான்:
பல் தேய்த்தான், ஷேவ் செய்தான்,
கேம்ப் வண்டி எப்போது வரும் என்று கேட்டான்.
ஜூன் மாதம். இந்த ஊரில் ஏசி மெக்கானிக் படுத்தால்
ஃபோர்மேனுக்குக் காய்ச்சல் வரும்.
காலையில் எடுத்த ரத்தம் என் மேஜைக்கு வருமுன்
அவன் லிஃப்டில் இறங்கிவிட்டான்.

இதைப் படித்துப் பரீட்சை எழுதியவள் நான்.
ஆனாலும் ஒவ்வொரு முறையும் நம்ப முடிவதில்லை:
காய்ச்சல் விட்டுப் போகும்போதுதான்
கதவைச் சாத்தாமல் போகிறது.
நாளங்களின் சுவர் நெகிழ்ந்து
நீர் மட்டும் நழுவுகிறது,
வெளியே ஒரு சொட்டும் சிந்தாமல்
நெஞ்சுக்கூட்டுக்குள், வயிற்றுக்குள்.
மிச்சம் அடுப்பில் மறந்த குழம்பாகச் சுண்டுகிறது.
முகத்தில் ரத்தம் சுண்டிப்போச்சே என்பார்களே,
அதற்கு ஒரு எண் உண்டு. ஹெமட்டோகிரிட்.
அன்று நாற்பத்தொன்று.
இன்று ஐம்பது.
தட்டணு முப்பத்து நான்காயிரம். எல்லோரும் பயப்படுவது அதற்கு.
நான் பயந்தது ஐம்பதுக்கு.
மெஷினைக் கழுவிவிட்டு மறுபடி ஓட்டினேன்.
ஐம்பது.

வார்டுக்குச் சொன்னேன். பிறகு, செய்யக் கூடாததுதான்,
படிவத்திலிருந்த நம்பரில் நானே கூப்பிட்டேன்.
பின்னால் லாரி ஹாரன்.
"நல்லாத்தான் இருக்கேன் சிஸ்டர்.
லேசா வயித்த வலி. பசியா இருக்கும்."
பசி இல்லை அது. எங்கே இருக்கீங்க?
"ருவி ரவுண்டானா."
இறங்குங்க.
"இறங்கினா ரெண்டு நாள் சம்பளம் பிடிப்பான்."
இறங்குங்க இருளாண்டி! என்று நான் கத்தியதில்
லேபில் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

இறங்கினான்.

நவம்பரில் ஃப்ரீஸரைத் திறந்தோம்.
பனி உருகி, தட்டுகளின் சின்னச் சின்னக் குழிகளில்
மெல்ல மஞ்சள் ஏறியது.
117-இன் குழியில் அடர்மஞ்சள்.
கிளி ஜோசியமா என்று அவன் கேட்ட அந்த நிமிடம்
அவன் கையிலிருந்து எடுத்தது.
அவன் சிரித்துக்கொண்டிருந்தபோதே
அதற்குத் தெரிந்திருக்கிறது.

ஷம்ஸா ஒரு கோடு வரைந்தார்.
பெரும்பாலும் பொருந்தியது. பதினொரு பேருக்கு
வீணாகப் பயம் காட்டியிருந்தது.
63-க்கு வெறும் வெளிர்மஞ்சள்.
63 மே மாதம் டாக்கா விமானத்தில்
பெட்டிக்குள் போனவன்.
அந்தக் குழியை மட்டும் வெளிச்சத்தில் பிடித்து
நெடுநேரம் பார்த்தேன்.
எலுமிச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது.

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு படம்:
கேம்ப் அறைக்கு வெளியே
ஏசித் தண்ணீர் சொட்டும் வாளி,
கவிழ்த்துப் போட்டிருக்கிறது.
கீழே ஒரு வரி.
"அந்த ரெண்டு நாளுக்கும் பிடிச்சுட்டான் சிஸ்டர்."