நீர் முறை

ஏப்ரல் நான்காம் இரவு
தெர்மாமீட்டரை வார்ட்கெஸ் பிடித்திருந்தார்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடிப்பதுபோல.
சுழியம். சுழியத்துக்குக் கீழே ஒன்று.
மூன்று.
ஈர வைக்கோல், கவாத்து செய்த திராட்சைக் கழிகள், பழைய டயர் ஒன்று
– அதற்காக மன்னியும் –
எல்லாவற்றையும் கொளுத்தினோம்.
அரராத் சமவெளி முழுக்கத் தோட்டத்துக்குத் தோட்டம் புகை.
மேலிருந்து பார்த்த உமக்கு
ஊரே பலி செலுத்துவதாகத் தோன்றியிருக்கும்.
நாங்கள் குளிரைத்தான் விரட்டிக்கொண்டிருந்தோம், ஆண்டவரே.

விடிந்தபோது பூக்கள் வெள்ளையாகவே இருந்தன.
அதுதான் கொடுமை.
நகத்தால் ஒன்றைப் பிளந்தேன்:
ஆப்ரிகாட் பிஞ்சு பிடிக்க வேண்டிய இடத்தில்
எரிந்த தீக்குச்சித் தலைபோல் ஒரு கறுப்பு.
இன்னொன்று. இன்னொன்று.
நாற்பத்து மூன்று மரம்.
இருபதோடு பார்ப்பதை விட்டேன்.

"நல்ல விளைச்சல் வந்தால், அம்மா,
இந்த வருடமே திரும்பிவிடுவேன்"
என்றிருந்தான் ஜிராயர்,
சராத்தோவில் யாருக்கோ செங்கல் அடுக்குகிறவன்.
அந்த 'வந்தால்' என் காதில் விழவே இல்லை.
தவக்காலம் முழுக்க மரத்துக்கு ஒன்றாக
மெழுகுவர்த்தி ஏற்றினேன்.
மணல் தட்டில் வரிசை பிசகாமல் நட்டேன்.
தவணை கட்டியவள்போல
ரசீதுக்குக் காத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போனேன்,
சண்டை போட.
மெழுகுவர்த்தி விற்கும் சாத்தெனிக்
எரிந்து மிஞ்சிய அடிக்கட்டைகளைப் பிடுங்கித்
தகர டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள்.
என்ன செய்வாய் இவற்றை?
"உருக்குவோம். மறுபடி வார்ப்போம்."
யாருடையது எது என்று தெரியாமல் போகுமே?
"அவருக்குத் தெரியாதா" என்றவள்,
"எனக்கு இடுப்பு ஒடிகிறது, டப்பாவைப் பிடி" என்றாள்.
பிடித்தேன்.
என் நாற்பத்து மூன்றும்,
யாரோ ஒருத்தியின் பேறுகாலமும்,
எல்லையில் காவல் நிற்கும் எவள் பிள்ளையோ அவனும்
ஒரே கனமாகக் கனத்தார்கள்.
கை இரண்டும் நிறைந்திருந்ததால்
உம்மை நோக்கி விரல் நீட்ட முடியவில்லை.

சமாதானமாகிவிட்டேன் என்று எழுதிக்கொள்ளாதேயும்.
எங்கள் மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போதெல்லாம்
மாசிஸ் மலை எதிரே நிற்கிறது.
பேழை தட்டியது அங்கேதான் என்கிறார்கள்.
கண்ணுக்கு உண்டு, காலுக்கு இல்லை;
நடுவே பூட்டிய எல்லை.
காட்டிவிட்டுத் தள்ளி வைப்பது
உமக்கு அன்றே பழக்கம்.

ஜூன் மாதம்.
பெட்டிகள் வாங்கவில்லை, பறிக்க ஆள் சொல்லவில்லை.
வாய்க்காலில் எங்கள் முறை
இரவு இரண்டு மணிக்கு.
காயில்லாத மரத்துக்குத் தண்ணீர் எதற்கு,
முறையை எனக்குக் கொடேன் என்றான் பக்கத்துத் தோட்டக்காரன்.
நானும் கொடுத்திருப்பேன்.
வார்ட்கெஸ் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு
"அடுத்த வருடப் பூ
இப்போதுதான் உள்ளே கட்டுகிறது" என்றார்.
முப்பது வருடமாகத் தெரிந்த செய்திதான்.

வரப்பில் நிற்கையில் ஜிராயர் அழைத்தான்.
தூக்கம் வரவில்லையாம்.
தண்ணீர் பாய்ச்ச வந்தோம் என்றேன்.
"இந்த வருடமா? எதற்கு?"
அப்பா சொன்னதைச் சொன்னேன்.
வெகுநேரம் அவன் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு,
"வடக்கு மூலை மரத்துக்கு மடை தாழ்வு, அம்மா,
மண்ணை அணைத்துவிடு."

வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை.
அடுத்த ஏப்ரலில் உறைபனி இராது என்று
நீரும் சொல்லவில்லை.
நான் கேட்காமலும் இல்லை.

இரண்டு மணிக்கு நீர் வரும் என்றிருந்தான் மதகுக்காரன்.
இரண்டேகால் ஆயிற்று.
வாய்க்கால் இன்னும் காய்ந்தே கிடந்தது.
வடக்கு மூலையில் மண்ணை அணைத்து முடித்தேன்.
இருட்டில் மரத்தடியில் நின்று,
நீர் வாரும்
என்றேன்.