சொட்டு

மாளிகாவத்தை மாடிவீட்டில் எனக்கு மூன்றாம் தட்டு,
புஷ்பகாந்திக்கு நான்காம் தட்டு.
அவள் தரை கழுவும் தண்ணீர்
என் கொடியில் காயும் உடுப்பில் சொட்டும்.
எங்களுக்குள் இருந்த உறவு அவ்வளவுதான்.

ஷஃபான் மாதத்தில் ஒருநாள்
யன்னலால் தலையை நீட்டி நான் கத்தியதை
இங்கே எழுதமாட்டேன்.
அவளும் ஒன்று சொன்னாள்.
அதையும் எழுதமாட்டேன்.

பிறை கண்டதும்
கோபத்தை மூடி வைத்தேன்,
எறும்புக்குப் பயந்து சீனிப்போத்தலை மூடுவதுபோல.
உள்ளே அது அப்படியே இருந்தது.

அசருக்குப் பிறகு ஷஹ்மி பள்ளியிலிருந்து
வாளியில் கஞ்சி கொண்டுவருவான்.
பக்கத்து வீட்டு மிஸ்ரியாவுக்கு ஒரு கோப்பை.
கீழே த்ரீவீலுக்குள் கால்மடக்கித் தூங்கும்
லக்சிறிக்கு ஒரு கோப்பை.
பெரியாஸ்பத்திரியில் மனைவியைச் சேர்த்துவிட்டு
மிஸ்ரியா வீட்டில் தங்கியிருக்கும்
பதுளைக்காரருக்கு, இறைச்சி கூடுதலாக, ஒரு கோப்பை.
"மேல் வீட்டுக்கு?" என்பான் மகன்.
"வாளி முடிஞ்சிது" என்பேன்.
வாளியில் இருக்கும்.
நோன்போடு சொன்ன பொய்,
ஒன்பது நாளும்.

பத்தாம் நோன்புக்கு
சார்ஜ் இறங்கிய போன், அடிக்காத அலாரம்.
டொக். டொக். டொக்.
தலைக்கு மேலே கொங்கிறீட்டில் குழவி.
கனவுக்குள்ளேயே திட்டத் தொடங்கிவிட்டேன்:
இந்த நேரத்திலுமா, இவளுக்கு...
கண்ணைத் திறந்தால்
சஹர் முடிய இருபது நிமிடம்.

ஷஹ்மியை உலுப்பி எழுப்பி
ராத்திரிச் சோற்றில் தயிரும் வாழைப்பழமும் பிசைந்து
நின்றபடியே தின்றோம்.
கடைசி மிடறு இறங்கவும்
பாங்கு எழும்பவும் சரி.

மூன்று மணிக்கு எழும்புகிறவள் அவள்.
மருதானைக் கடைகளுக்கு இடியப்பம் அவிக்கிறவள்.
குசினிகளுக்கு நடுவே காற்றுக்கென்று விட்ட குழியால்
என் வெளிச்சம் ஏறிப்போய்
அவள் சட்டிபானையில் விழுமாம்.
"இண்டைக்கு இருட்டாக் கிடந்துது.
பெடியன் ஒண்டும் தின்னாம நோன்பு பிடிச்சிருவானே எண்டு..."
படிக்கட்டில் நின்று
கைப்பிடிச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அப்படியென்றால் ஒன்பது நாளும்
என் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அன்று பள்ளிக் கஞ்சியை ஊற்றப்போய்
கரண்டியில் மாட்டெலும்பு வரக் கண்டு நிறுத்தினேன்.
அவளுக்கு அது ஆகாது.
பயறும் உள்ளியும் றம்பையும் போட்டு
சின்னச் சட்டியில் தனியாகக் காய்ச்சினேன்.
நாக்கில் வைத்துப் பார்க்க முடியாத உப்பு,
கை நினைத்த அளவு.
பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் ஊற்றி
நானே படி ஏறினேன்.
மகனை அனுப்பியிருக்கலாம்.
அனுப்பவில்லை.

"உப்புக் கூட" என்றாள் அடுத்த நாள்.
டப்பா நிறைய இடியப்பம்,
மேலே வாழையிலைத் துண்டில் தேங்காய்ச் சம்பல்.
அன்றிலிருந்து அந்த டப்பா
வெறுமையாகப் படி இறங்கவுமில்லை, ஏறவுமில்லை.

தண்ணீர் மட்டும் நிற்கவில்லை.
சனிக்கிழமை என் வெள்ளை அபாயாவில் பழுப்பாக ஒரு கோடு.
வாய்வரை வந்தது.
விழுங்கினேன், நோன்பு முறியாத விழுங்கல்.
பிறகு கொடியை அவிழ்த்து
ஒரு முழம் தள்ளிக் கட்டினேன்.

இருபத்தியிரண்டாம் நோன்பு.
சஹருக்கு எழும்பி அடுப்பை மூட்டினால்
மேலே சத்தமில்லை.
தேங்காய் துருவும் கரகரப்பு இல்லை,
உரல் பிழியும் முனகல் இல்லை,
குழிக்குள் வெளிச்சமும் இல்லை.

தும்புத்தடியைத் திருப்பிப் பிடித்து
கூரையில் தட்டினேன்.
டொக். டொக்.

கறி அடிப்பிடித்தது.
ஷஹ்மி கொட்டாவியோடு வந்து
"உம்மா, என்ன செய்றீங்க?" என்றான்.
இன்னொருமுறை தட்டினேன். பலமாக.

அடுப்பை அணைத்து, முந்தானையைத் தலைக்கு இழுத்து
கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தபோது
மேலே எதுவோ உருண்டது.
ஒரு இருமல்.
பைப் திறக்கும் சத்தம்.

பிறகு
யன்னலுக்கு வெளியே, இருட்டில்,
வெறுங்கொடியில்,
ஒரு சொட்டு.