பதினாறு புள்ளி மூன்று

ஹாஸி மெஸ்ஸவூத். இரவு ஷிப்ட்.
பத்து மணிக்குக் கிணற்றடியிலிருந்து பெல்காசெம் கூப்பிட்டான்:
"இரண்டாயிரத்து நானூறு மீட்டரில் நின்றுவிட்டது,
கம்பியில் இறக்கிய வெட்டுவளையம்.
இழுத்துப் பார்த்தோம். நுனியெல்லாம் கருப்பு."
"நகத்தால் கீறு," என்றாள் தஸாதித்.
"உடைகிறது. உள்ளே பளபளப்பு."
அப்படியானால் மெழுகு இல்லை.
மெழுகு என்றால் வழியும், சூட்டுக்கு இணங்கும்.
இது அஸ்ஃபால்டீன்.
எதற்கும் இணங்காது, ஒன்றிரண்டைத் தவிர.

ஒவ்வொரு திரவத்துக்கும் உள்ளே ஒரு பிடி உண்டு.
மூலக்கூறு மூலக்கூறைப் பற்றியிருக்கும் பிடி.
அதைப் பிரித்தெடுக்க ஆகும் செலவைக்
கனஅளவால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால்
ஓர் எண். கரைதிறன் அளவுரு.
ஹெப்டேன் பதினைந்து சொச்சம். தளர்ந்த கை.
டொலுவீன் பதினெட்டைத் தாண்டும்.
அஸ்ஃபால்டீன் இருபதுக்கும் மேலே, முஷ்டி.
எண்கள் நெருங்கினால் கரையும்,
விலகினால் விழும்.
இனம் இனத்தோடு என்பதற்கு
இவ்வளவு தசமத் தானங்கள்.

கடுந்தேநீர் நிறத்தில் அந்தக் கிணற்றின் எண்ணெய்.
சொட்டுச் சொட்டாக ஹெப்டேன் விடுகிறாள்,
ஒவ்வொரு சொட்டுக்கும் நுண்ணோக்கியில் கண்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
குறிப்பேட்டில் அதையும் எழுதவேண்டும்: ஒன்றுமில்லை.
நாற்பத்தோராவது சொட்டில்
வெறும் மஞ்சளாக இருந்த வட்டத்தில்
யாரோ மிளகுத்தூள் தூவியதுபோல.
கணக்குப் போட்டாள். பதினாறு புள்ளி மூன்று.
அதற்குக் கீழே இந்த எண்ணெயால்
தன் கருப்பைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது.

இரண்டு மணிக்குக் காபிக்கு வந்தான்
மரக்காய்போக்காரன் வில்மெர் உர்தானெத்தா.
பாதி பிரெஞ்சு, பாதி கைஜாடை.
"எங்கள் ஏரிக்கரை எண்ணெயில்
நூற்றில் பதினேழு பங்கு இந்தச் சனியன்தான்.
ஒட்டகம் ஏறி நிற்கலாம், அவ்வளவு கெட்டி.
ஒருநாள் ஒரு குழாய் அடைத்ததில்லை.
உங்களுடையதில் இடுக்கி வைத்துத் தேடவேண்டும்,
அதற்குள் மூச்சு முட்டுகிறது."

அவள் பதில் சொல்லவில்லை.
தாளின் பின்புறம் இரண்டு எண்கள் எழுதினாள்.
உங்கள் எண்ணெயின் பிடி முரடு,
கருப்பின் பிடிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.
எங்களுடையது லேசு, நல்ல விலைக்குப் போகிறது,
ஒரு சிட்டிகைக்குக்கூட அதில் இடமில்லை.

வில்மெர் தாளைத் திருப்பிப் பார்த்தான்.
"குறை கருப்பில் இல்லையா, அப்போ?"
"எதில் கிடக்கிறது என்பதில்."
பதினொரு வருடம் ஊர் ஊராகச் சுற்றியவன்
காபிக் கோப்பையைக் கீழே வைத்தான்.
"நான் இங்கே எத்தனை சதவீதம்?"
அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான்,
கொஞ்சம் தாமதமாக.

மூவாயிரத்து முந்நூறு மீட்டர் ஆழத்தில்
அழுத்தத்தின் அடியில் எல்லாம் ஒற்றுமை.
மேலே வரவரப் பாரம் குறைகிறது,
கரைந்திருந்த வாயு உள்ளேயே விரிகிறது,
எண்ணெயின் கை தளர்கிறது.
குமிழி விடப்போகும் அந்த நொடிக்கு முன்தான்
மிகவும் தளர்வு. கருப்பு அங்கேதான் விழுகிறது.
அதைக் கடந்தால் வாயு பிரிந்துபோய்விடும்,
மிஞ்சிய எண்ணெய் மறுபடி இறுகும்.
இன்னும் சில நூறு மீட்டர் தாங்கியிருந்தால்
பாதியாவது கரைந்திருக்கும்.
இதை வில்மெரிடம் அவள் சொல்லவில்லை.
மணி நாலாகியிருந்தது.

விடியலில் டொலுவீன் லாரி.
குழாய்க்குள் இறக்கி, ஊறவைத்து,
திரும்பி வந்தபோது மை.
"இறங்குது!" என்றான் பெல்காசெம்,
பின்னால் யாரோ கைதட்டுவது கேட்டது.
பட்டியலில் இன்னும் ஒன்பது கிணறுகள்.

சோதனைக்குச் சொட்டிய வடிதாள் ஒன்று மேசையில்,
வெளிறிய வளையத்தின் நடுவே கருப்புப் புள்ளி.
கேட்காமலே எடுத்து மடித்து
வில்மெர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போயிருந்தான்.
மதியம் சாப்பாட்டு வரிசையில் பார்த்தாள்,
பை ஓரத்தில், வெள்ளைத் துணியில்,
மெல்லப் பரவிக்கொண்டிருந்தது
கறை.